‘ட்’டும் ‘டு’வும்

பாஸ்போர்ட் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால் நின்று, புள்ளியக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெட்ட வார்த்தையை வாய்க்குள் முனகினாள். அதையும் எழுத்து சிதையாமல்தான் முனகினாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரே அச்சகத்தில் முப்பத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறாள். அந்த அச்சகம் வாராவாரம் ஒரு பத்திரிகை போடுகிறது. மீதி நாட்களில் பள்ளிக்கூடக் கேள்வித்தாள், அரசாங்கப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம் என்று கிடைத்ததை எல்லாம் அடிக்கிறது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லாமல் ஒரு வரி அவளைத் தாண்டிப் போனதில்லை. அதனால்தான் அந்தப் பெயர். அவளுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இருபத்திரண்டாம் தேதிக்குள் மகளிடம் போய்ச் சேர வேண்டும். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். அன்றைக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப் போகிறார்கள். போன தடவை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அப்போது மகள் போனில் அழுதுகொண்டே, “வாம்மா” என்றாள். புள்ளியக்கா, “இந்த வாரம் பக்கம் முடிக்கணும்டி, அப்புறம் பார்க்கறேன்” என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம்கூட வாங்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்த முடியாமல் மூன்று வருடமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

முடித்தே தீர வேண்டும் என்றிருந்த அந்தப் பக்கம் எது என்று கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். கிரேக்கப் புதிர்ப் பக்கம்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், அரைப் பக்க விளம்பரம் ஒன்றைக் கொடுத்தவர்கள் கடைசி நேரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பக்கம் ஓட்டையாக நின்றது. ஆசிரியர் கையைப் பிசைந்தார். பிழை திருத்தும் மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகங்கள் முட்டுக் கொடுத்திருந்தன. ஒன்று பழைய கிரேக்கத்தின் வரைபடப் புத்தகம், இன்னொன்று கிரேக்கக் கவிதையைப் பற்றிய கையேடு. எந்தக் காலத்தில் யார் விட்டுவிட்டுப் போனார்களோ. புள்ளியக்கா குனிந்து அவற்றை உருவினாள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு குறுக்கெழுத்துக் கட்டத்தைப் போட்டு நீட்டினாள்.

“எதுக்கு அக்கா கிரேக்கம்?” என்று ஆசிரியர் கேட்டார்.

“நம்ம ஊர்களைப் போட்டா, எங்க ஊரை ஏன் விட்டேன்னு சண்டைக்கு வருவாங்க. கிரேக்கத்துக்காக யார் வரப்போறாங்க?”

எல்லோரும் வந்தார்கள். பக்கம் பிடித்துப்போய் வாராவாரம் கேட்டார்கள், வாராவாரம் சண்டையும் போட்டார்கள். மேஜை அன்று ஆட ஆரம்பித்தது, இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறது.

சண்டை எல்லாம் எழுத்தால் வந்தது. தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. டெல்ஃபி என்று எழுதினால் நான்கு கட்டம், தெல்பி என்று எழுதினால் மூன்று. எது சரி? எந்தக் கிரேக்கனும் வந்து சொல்லப்போவதில்லை. ஆகவே புள்ளியக்காவே சட்டம் போட்டாள். ஆய்த எழுத்து கிடையாது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால் ஊர்ப்பெயரும் முடியாது. கொரிந்த் என்று வாயை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, ‘உ’ சேர்த்துக் கொரிந்து என்று மூச்சு விட வேண்டும். அப்படியானால் ‘ஸ்’ மட்டும் எப்படிச் சொல்லின் கடைசியில் நிற்கிறது என்று ஒருவர் கேட்டு எழுதினார். அது விருந்தாளி எழுத்து, வந்தவரை வாசலில் நிறுத்தி இலக்கணம் கேட்க முடியாது என்று பதில் எழுதினாள். இது நியாயமா என்று கேட்காதீர்கள். அவளுக்கே தெரியும்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி நிரந்தரமாக இருந்தது: ‘அச்சில் வரும் விடையே இறுதியானது.’

அந்த வரியை வைத்துக்கொண்டு அவள் செய்த அட்டூழியம் கொஞ்சமல்ல. ஒரு வாரம் இப்படி ஒரு குறிப்பு போட்டாள்: ‘பழைய காவியக் கவி ஒருவரை ஏழு ஊர்கள் எங்கள் ஊர்க்காரர் என்று சொந்தம் கொண்டாடின, அவற்றில் ஒன்று. நான்கு எழுத்து.’ விடை ஏதென்ஸ் என்று அவள் நினைத்திருந்தாள். பத்திரிகை வெளியான அன்று சாயங்காலமே தலையில் கல் விழுந்த மாதிரி விஷயம் தெரிந்தது. அந்த ஏழில் ரோட்ஸும் கியோஸும்தான் மூன்று எழுத்து. ஏதென்ஸ், ஸ்மிர்னா, ஆர்கோஸ், சலாமிஸ், கொலொபோன், ஐந்துமே தமிழில் நான்கு எழுத்து. மேலிருந்து இறங்கிய டெலோஸ் தீவு கடைசிக் கட்டத்தில் ‘ஸ்’ என்று வந்து இடித்ததால் இரண்டு கழிந்தது. அப்புறமும் மூன்று ஊர் பாக்கி. மூன்றும் சரி.

நூற்று நாற்பது பேர் எழுதினார்கள். ஒரு வரி திருத்தம் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆசிரியரும் அதைத்தான் சொன்னார்.

“திருத்தம் போடறதா இருந்தா பிழை திருத்தறவ எதுக்கு?” என்று புள்ளியக்கா கேட்டாள். ஏதென்ஸ் மட்டும் சரி என்று அச்சடித்தாள். சலாமிஸ் என்று எழுதியவர்களுக்கு, ‘அச்சில் வரும் விடையே இறுதியானது’ என்று தன் கைப்படவே அஞ்சலட்டை போட்டாள்.

இனி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு வருவோம். அங்கே அவள் வந்தது இது இரண்டாம் தடவை. முதல் தடவை, கொடுத்த படிவத்தின் தலைப்பில் ‘விண்ணப்ப படிவம்’ என்று ‘ப்’ இல்லாமல் அடித்திருந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு சொல்லுக்கும் நடுவில் கூரைக்குறி போட்டு மேலே ‘ப்’ எழுதினாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார். ‘அடித்தல் திருத்தல் கூடாது.’ புதுப் படிவம் வாங்கி, வரிசையில் மறுபடி நிற்பதற்குள் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

இன்றைக்குத் தேதி மூன்று, செவ்வாய்க்கிழமை. எழுத்தர் நாற்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டையின் பையில் மூன்று பேனா. அவளுடைய பிறப்புச் சான்றிதழை ஒரு கையிலும் அரசாங்க ஊர்ப்பெயர்ப் பட்டியலை இன்னொரு கையிலும் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“பிறந்த ஊர் ஒத்துப் போகலையேம்மா.”

“ஒரே ஊர்தான் தம்பி. துறைமுக ஊர். எப்பவோ வந்த வெளிநாட்டுக் கப்பல்காரன் பேர்.”

“சான்றிதழ்ல கடைசி எழுத்து ‘ட்’. பட்டியல்ல ‘டு’. ‘ட்’ல முடியற ஊரே பட்டியல்ல இல்ல.”

“ஒரு புள்ளிக்கும் ஒரு கொக்கிக்கும் உள்ள வித்தியாசம். ஊர் நகர்ந்தா போயிடும்?”

“எனக்குத் தெரியாதும்மா. பட்டியல்தான் ஆதாரம்.”

“அந்தப் பட்டியல் தப்பு. யாரோ தெரியாம அடிச்சிருக்காங்க. கொடுங்க பார்க்கறேன்.”

எழுத்தர் ஜன்னல் வழியாக நீட்டினார். பச்சை அட்டை, மூலை மடங்கிய பழைய புத்தகம். அட்டையைத் திருப்பியதும் உள்பக்கத்தில் அச்சகத்தின் பெயர் இருந்தது. அவளுடைய அச்சகம். வருடத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால்.

அப்போதுதான் அந்தக் கெட்ட வார்த்தை வந்தது.

நினைவு இருந்தது, ஏன் இல்லாமல்? அவளுக்கு அன்று இருபத்தேழு வயது. மூல நகலில் இருந்தபடியே விடு என்று போர்மேன் சொன்னார். அவள் விடவில்லை. வல்லின மெய்யில் முடிந்த ஊர்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து வாலில் ‘உ’ கட்டினாள். முப்பத்தெட்டு ஊர். அதில் தான் பிறந்த ஊரும் ஒன்று என்று தெரிந்தேதான் கட்டினாள். அதற்கு மட்டும் சலுகை கொடுத்தால் அநியாயம் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டது கூட ஞாபகம் வந்தது. கிரேக்கத்தில் கை வைப்பதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே சொந்த ஊரில் கை வைத்திருக்கிறாள்.

“தம்பி,” என்றாள், குரல் தணிந்துவிட்டது. “இதைத் தப்பாத் திருத்தினது நான்தான்.”

எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து மடித்து வைத்திருந்த பத்திரிகையை எடுத்தார். புதிர்ப் பக்கம், பென்சிலால் பாதி நிரப்பியது.

“அந்தப் பக்கம் போடறது நீங்களா?”

“ஆமா.”

“எனக்கு நீங்க கார்டு போட்டிருக்கீங்க. சலாமிஸ்னு எழுதினேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கொரிந்த்னு எழுதினதுக்கு இன்னொண்ணு.” அவர் குரலில் குத்தலே இல்லை; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “முதல்ல கோபமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ஆளாளுக்கு நியாயம் சொல்ல ஆரம்பிச்சா வேலை நடக்குமா? அச்சுல இருக்கறதுதான் இறுதின்னு எழுதியிருந்தீங்களே, எவ்வளவு சரி. அந்தக் கார்டை இங்கதான் ஒட்டி வச்சிருக்கேன்.”

ஜன்னல் கண்ணாடிக்கு உள்பக்கம், முத்திரைக்கட்டைகளுக்கு மேலே அது ஒட்டியிருந்தது. அவளுடைய கையெழுத்து, ஒரு புள்ளி குறையாமல். புள்ளியக்காவுக்கு நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“தம்பி, என் பொண்ணுக்கு இருபத்திரண்டாம் தேதி ஆபரேஷன். நான் போகணும்.”

எழுத்தர் பேனாவை மூடித் திறந்தார். “பட்டியலை அடிச்ச அச்சகமே அது தப்பு, ரெண்டும் ஒரே ஊர்தான்னு பத்திரிகையில அறிவிப்பு போடட்டும். அதை நான் ஆதாரமா எடுத்துக்க விதி இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்தீங்கன்னா பதினாறாம் தேதி கையில கிடைச்சிடும். அதுக்கு மேல போனா எனக்குத் தெரியாது.”

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர்.

“முப்பது வருஷம் ஊர் பேரைக் கத்தினேன். பாதிப் பேரை முழுங்கித்தான் கத்தினேன். எப்படிக் கத்தினாலும் இறங்கறவன் அவன் ஸ்டாப்ல சரியா இறங்கினான். நீ என்னடான்னா ஒரு எழுத்தை வச்சு ஊரையே பூட்டிட்டு வெளிய நிக்கற.”

“வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க.”

“அறிவிப்புதானே, எழுதிப் போட்டுட்டுப் போயேன்.”

“எழுதறது கஷ்டம் இல்லங்க.”

“பின்ன?”

அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் போன் செய்து, “பாஸ்போர்ட் என்னம்மா ஆச்சு?” என்று கேட்டபோது, “ஆயிடும்டி” என்றாள். மறுமுனையில் மகள், “பக்கம் முடிக்கணுமாம்மா?” என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புள்ளியக்கா போனை வைத்த பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலையில் ஆசிரியரின் அறைக்குப் போய் ஒரு தாளை வைத்தாள். அவர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

“திருத்தமா? நீங்களா அக்கா?”

“அதான் எழுதியிருக்கே.”

“ஊர்ப்பெயர் மட்டும் போதுமே. இந்த சலாமிஸ், ஆர்கோஸ் எல்லாம் எதுக்கு? அதை எல்லாரும் மறந்திருப்பாங்க.”

“ஒருத்தன் மறக்கல. சேர்த்தே போடுங்க. இதைத் தனியா இன்னொரு தடவை எழுத எனக்குத் தெம்பு இல்ல.”

அதில் இருந்தது இவ்வளவுதான். முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் இந்த அச்சகம் அடித்த பட்டியலில் முப்பத்தெட்டு ஊர்களின் கடைசி எழுத்து பிழை திருத்துபவரால் தவறாக மாற்றப்பட்டது. அந்த ஊர்கள் இவை. இரண்டு விதமாக எழுதினாலும் ஊர் ஒன்றே. கூடவே, ஏழு ஊர்ப் புதிருக்கு ஆர்கோஸ், சலாமிஸ் என்று எழுதியவர்களின் விடையும் சரி. கொரிந்த் என்பதும் சரி. வருந்துகிறோம். வருந்துகிறோம் என்ற சொல்லை எழுத மட்டும் அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

வியாழக்கிழமை பக்கம் கட்டியதும் அந்த அறிவிப்பை ஏழு தடவை படித்தாள். நேராக நான்கு தடவை, கடைசியிலிருந்து தலைகீழாக மூன்று தடவை. தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், தான் எழுதியதில் தனக்குப் பிழை தெரியாது; கண் தாளைப் படிக்காது, மனதில் இருப்பதைப் படிக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் இதை ஆயிரம் தடவை சொன்னவள் அவள்தான். வேறு யாரிடமாவது கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மை காயாத பத்திரிகையோடு மூன்றாம் ஜன்னலில் முதல் ஆளாக நின்றாள். எழுத்தர் அறிவிப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். சலாமிஸ் வந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் உதடு லேசாக அசைந்தது. பிறகு விரல் மேலே ஏறி ஊர்ப்பட்டியலுக்குப் போனது, பன்னிரண்டாம் வரியில் நின்றது, நகரவில்லை.

“அம்மா.”

“என்ன?”

“இங்க ‘ட’ன்னு இருக்கே. புள்ளி விழலையே.”

புள்ளியக்கா ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு ஊரில் முப்பத்தேழு ஊருக்குப் புள்ளி இருந்தது. அவள் பிறந்த ஊருக்கு இல்லை. ‘ட்’டும் இல்லாமல் ‘டு’வும் இல்லாமல் மூன்றாவதாக ஓர் ஊரை அவளே பெற்றெடுத்திருந்தாள்.

முப்பத்தாறு வருடம். ஊரான் பெற்ற எழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்த கை. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்களே சொல்லுங்க தம்பி,” என்றாள். “அச்சுல இருக்கறதுதான் இறுதி. நான்தானே எழுதிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். அதுக்குள்ள...” மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது, வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

எழுத்தர் கண்ணாடியில் ஒட்டியிருந்த அஞ்சலட்டையைப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தார். பின்னால் திரும்பி மேலதிகாரியின் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தார். ‘ட’வின் தலையில் மெல்ல, ஒரே ஒரு தடவை, பேனா முனையை வைத்து எடுத்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

“அடித்தல் திருத்தல் கூடாதுன்னு எழுதியிருக்கே தம்பி,” என்றாள் புள்ளியக்கா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

“அடிக்கவும் இல்ல, திருத்தவும் இல்லம்மா. புள்ளி வச்சேன். போய்ட்டு வாங்க.”

பாஸ்போர்ட் பதினாறாம் தேதி வந்தது. மகள் இருக்கிற நாட்டில் போய் இறங்கியதும் விசா தருவார்கள், அதனால் பத்தொன்பதாம் தேதி அவள் மகளின் வீட்டில் இருந்தாள். அந்த வாரப் புதிர்ப் பக்கம் வெளிவரவில்லை. ஆசிரியர் அந்த இடத்தில் ஏதோ தைலத்துக்கு விளம்பரம் போட்டுக்கொண்டார். உலகம் இடிந்து விழவில்லை.

இருபத்திரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. மகளுக்கு மயக்கம் தெளிந்தபோது புள்ளியக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மகள் கையை நீட்டி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். பிடி மட்டும் தளரவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை சொந்தக்காரர்களுக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதிக்கொண்டு வந்தார். குழந்தையின் எடை, பிறந்த நேரம், பிறந்த ஊர். தன் மாமியார் யார் என்று தெரிந்த மனிதர் என்பதால் காகிதத்தைத் தயங்கித் தயங்கித்தான் நீட்டினார்.

“அத்தை, ஊர் பேரைத் தமிழ்ல எப்படி எழுதறதுன்னு தெரியல. சரியா இருக்கான்னு பாருங்க.”

அந்த ஊரின் பெயர் ‘க்’கில் முடிந்தது. அதாவது அவர் அப்படி எழுதியிருந்தார். வல்லின மெய், வாயை அடைத்துக்கொண்டு நின்றது. புள்ளியக்காவின் வலது கை தன்னால் கைப்பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவைத் தொட்டது. இடது கை மகளின் பிடியில் இருந்தது. பேனாவை விட்ட கையாலேயே காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, பேத்தி பிறந்த ஊரின் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள்.

“சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை,” என்றாள். “அனுப்புங்க.”